சி டிரைவ் சிவப்பாகிவிட்டது: சுத்தம் செய்வதா, நகர்த்துவதா, பெரிய எஸ்எஸ்டி மாற்றுவதா?

"தம்பி, லேப்டாப்ல இடமே இல்லன்னு வருதுடா. ஃபார்மேட் பண்ணிடலாமா?"

அக்கா போன் செய்தது மார்ச் கடைசி வாரம். ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறாள். அவளுக்கு அந்த வாரம் எப்படிப்பட்டது என்று கணக்கு வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் சேமிப்பு டிரைவ்) உள்ள லேப்டாப். சி டிரைவில் மிச்சம் 4 ஜிபி. எக்செல் கோப்பைச் சேமிக்கக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அதற்குள் அவளுக்கு மூன்று யோசனைகள் வந்துவிட்டன. பக்கத்துக் கடைக்காரர் புது எஸ்எஸ்டி போடச் சொன்னார். அலுவலகத்தில் ஒருவர் ஏதோ கிளீனர் மென்பொருளைச் சொன்னார். ஃபார்மேட் என்பது அவளே எடுத்த முடிவு. எது சரி என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு தகவல் தேவைப்பட்டது. அந்த இடம் எங்கே போனது?

இதைப் பார்க்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. "இடம் காணவில்லை" என்று எல்லோரும் சொல்வது ஒன்றுதான், ஆனால் அதற்குள் மூன்று வேறு சங்கதிகள் இருக்கின்றன.

முதலாவது, காணாமலே போகாத இடம். பெட்டியில் 256 ஜிபி என்று இருக்கும், விண்டோஸ் 238 என்று காட்டும். தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதே கணக்கில் 512 என்பது 476 ஆகும், 1 டிபி என்பது 931 ஆகும். அளவுகோல்தான் வேறு, பொருள் குறையவில்லை. இதை "மீட்டுத் தருகிறேன்" என்று எந்த மென்பொருளாவது சொன்னால் உடனே அதை நீக்கிவிடுங்கள். துவக்கத்துக்கும் மீட்புக்கும் என்று டிரைவில் தனியே பிரித்து ஒதுக்கிய சின்னச் சின்னப் பகுதிகளும் (பார்ட்டிஷன்) இந்த வகைதான். அவற்றை அழித்துக் கிடைக்கும் சில நூறு எம்பிக்காக, ஒருநாள் லேப்டாப் எழும்பாமல் போகும் ஆபத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது, உண்மையிலேயே தொலைந்து கிடக்கும் இடம். பழைய 256-இல் உள்ள எல்லாவற்றையும் அப்படியே 512-க்கு நகலெடுத்தால், அதாவது க்ளோன் செய்தால், புது டிரைவிலும் சி டிரைவ் 237 என்றே நிற்கும். மிச்சமெல்லாம் யாருக்கும் ஒதுக்கப்படாமல், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் கறுப்புப் பட்டையோடு கிடக்கும். கடைகளில் 256-ஐ சி 100, டி 137 என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். டி காலியாக இருக்க, சி மட்டும் சிவந்து நிற்பதும் இதே கதை. இங்கே காசு செலவே இல்லை. அந்தக் கருவியில் சி டிரைவை வலது கிளிக் செய்து, எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்தால் வேலை முடியும். ஒரு நிபந்தனை உண்டு: காலி இடம் சி-க்கு உடனடி வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். நடுவில் மீட்புப் பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் அந்த எக்ஸ்டெண்ட் மங்கலாகவே இருக்கும். அதைக் கடைசிக்குத் தள்ள ஒரு பார்ட்டிஷன் மென்பொருள் வேண்டும், அதைத் தொடுமுன் முக்கியக் கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் வேண்டும். டி-யைச் சேர்ப்பதென்றால், அதில் உள்ளதை வேறெங்காவது எடுத்து வைத்துவிட்டு டி-யை அழித்த பிறகே நீட்ட முடியும். 256 ஜிபி போன்ற சின்ன எஸ்எஸ்டியை இரண்டாகப் பிரிப்பதே தேவையில்லை என்பேன்.

மூன்றாவது, நாமோ விண்டோஸோ நிரப்பி வைத்த இடம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருடைய பிரச்சினை இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். அக்காவுடையதும் அதுதான்.

நான் விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினேன். அது ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்காமல், டிரைவின் கோப்புப் பதிவேட்டையே நேராகப் படிக்கும். அதனால் சில நொடிகளில் படம் வந்துவிடும். வந்த படம் இது. விண்டோஸ் ஃபோல்டர் 29 ஜிபி. நிறுவிய மென்பொருள்கள் 24. ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் 8. கணினியை அணைக்கும்போது திறந்திருக்கும் வேலையைச் சேமித்து வைக்கும் ஹைபர்நேஷன் கோப்பு 3. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற, சாதாரணமாகக் கண்ணில் படாத ஃபோல்டர் 19. மீதி 150 ஜிபி அக்காவுடைய சொந்தச் சாமான்: போனிலிருந்து இறக்கிய குழந்தைகளின் படமும் வீடியோவும் 62, டவுன்லோட்ஸ் 41, வாட்ஸ்அப் 23, ஒரே நிறுவனத்துக்கு நாள்தோறும் எடுத்த டேலி பேக்கப் 12, மற்றவை 12.

அந்த டவுன்லோட்ஸைத் திறந்தபோது ஒரே பிரிண்டர் டிரைவர் நான்கு தடவை, பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடைப்புக்குறி எண்ணோடு கிடந்தது. ஜிஎஸ்டி வகுப்பின் வீடியோப் பதிவுகள் மட்டும் இருபது ஜிபிக்கு மேல். "இதெல்லாம் நான் பாத்து முடிச்சிட்டேனே" என்றாள். பார்த்து முடித்ததை அழிக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

விண்டோஸே செய்யும் சுத்தம்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ். அங்கே டெம்பரரி ஃபைல்ஸ். செலவில்லை, பத்து நிமிடம், ஆபத்து மிகக் குறைவு. எனவே யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்யலாம். அக்காவுக்கு 6 ஜிபி கிடைத்தது. பெரிய விண்டோஸ் அப்டேட் அண்மையில் நடந்திருந்தால் விண்டோஸ்.ஓல்ட் என்று பழைய பதிப்பு முழுதும் உட்கார்ந்திருக்கும், அப்போது இன்னும் அதிகம் கிடைக்கும். அதைப் பத்து நாளில் விண்டோஸே அழித்துவிடும். புதுப் பதிப்பு ஒத்துவராமல் பழையதற்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அதுவரை தொடாதீர்கள்.

இந்தப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. டவுன்லோட்ஸும் அதில் ஒரு வரியாக வரும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில் பழைய டிஸ்க் கிளீனப் கருவிக்குள்ளும் இதைச் சேர்த்தார்கள். எல்லாவற்றையும் டிக் செய்து பழகியவர்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று தனியே சொல்ல வேண்டாம். எஸ்எஸ்டியில் இது இரட்டிப்பு ஆபத்து. ஒரு கோப்பை நிரந்தரமாக அழித்ததும் ட்ரிம் என்ற கட்டளை வழியாக "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிவிடும். டிரைவ் அதைத் துடைத்து வைத்துவிடும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மீட்பு மென்பொருள் போட்டு எடுத்தது போல இங்கே எடுக்க முடியாது. எனவே டிக் போடுமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

இன்னொன்று. சுத்தம் செய்த பிறகும் அப்டேட் கிளீனப்பில் 8.63 ஜிபி அப்படியே நிற்கிறது என்று 2024-இல் வந்த விண்டோஸ் 11 24எச்2-இல் பலர் தவித்தார்கள். அது காட்டும் எண்ணில் இருந்த பிழை. இடம் ஏற்கெனவே விடுபட்டிருந்தது.

விண்டோஸ் பிடித்து வைத்திருப்பதைத் தளர்த்துவது

இங்கே ஒவ்வொரு ஜிபிக்கும் ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

அக்காவிடம் பெரிய லாபம் தந்தது அந்த 19 ஜிபி மறைவு ஃபோல்டர். அதில் இருப்பவை ரீஸ்டோர் பாயிண்டுகள், அதாவது ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் பதிவுகள். சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனில் சி டிரைவின் 8 சதவீதம் வரை பிடிக்கலாம் என்று வைத்திருந்தது, அது முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஸ்லைடரை 2 சதவீதத்துக்கு இறக்கியதும் 14 ஜிபி வெளியே வந்தது. பழைய பாயிண்டுகள் போய்விட்டன, அண்மையது மட்டும் மிஞ்சியது. அவளுக்கு அது போதும். முழுதாக அணைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு டிரைவர் அப்டேட் கெட்டுப்போனால் அரை மணியில் காப்பாற்றுவது அதுதான்.

ஹைபர்நேஷன் கோப்பு ராமில் 40 சதவீதம் அளவுக்கு இருக்கும். ராம் 8 ஜிபி என்றால் 3 ஜிபிச் சொச்சம், 32 ஜிபி என்றால் 13-ஐ நெருங்கும். அதை ஒரு வரிக் கட்டளையில் அணைக்கலாம், ஆனால் லேப்டாப்பில் பேட்டரி தீரும்போது திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது அதே கோப்புதான். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில் இருந்து கணக்கு எழுதும் ஒருவரிடம் 3 ஜிபிக்காக அதை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டெஸ்க்டாப் என்றால் தயங்காமல் அணைப்பேன்.

வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பயமுறுத்தும் அளவு காட்டும். அதில் பெரும்பகுதி ஹார்ட் லிங்க், அதாவது ஒரே கோப்பு இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. அதைக் கையால் அழிப்பவர்கள் விண்டோஸையே அழிக்கிறார்கள். விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் என்ற கட்டளை வழியாகச் சுத்தம் செய்யலாம், கிடைப்பது பெரும்பாலும் சில ஜிபிதான். பேஜ் ஃபைலைத் தொடவே வேண்டாம், 8 ஜிபி ராம் உள்ள கணினியில் அது இன்றியமையாதது. கிளீனர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று விற்கப்படுபவை விண்டோஸ் தானே செய்வதற்கு மேல் தரும் இடம் மிகச் சொற்பம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடுதான் ரெஜிஸ்ட்ரி. அதைச் சுத்தம் செய்து இடம் பிடிப்பது என்ற பேச்சுக்கே பொருளில்லை, மொத்த ரெஜிஸ்ட்ரியே சில நூறு எம்பிதான்.

ஃபார்மேட்

இட நெருக்கடிக்கு இது மருந்தே இல்லை. மேலே சொன்ன இரண்டு வழியிலும் கிடைக்கும் அதே இடம்தான் இதிலும் கிடைக்கும். அதற்கு விலையாக ஒரு முழு நாள் போகும்: மென்பொருள் நிறுவுவது, லைசென்ஸ், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், பிரிண்டர். அதற்குப் பிறகு அந்த 150 ஜிபி சொந்தச் சாமானைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தால் பழைய நிலைதான். வைரஸ் புகுந்தாலோ விண்டோஸ் சீர்கெட்டாலோ ஃபார்மேட் செய்யுங்கள். இடத்துக்காக வேண்டாம்.

கடைசி ஜிபி வரை ஏன் நிரப்பக் கூடாது

எந்த வழியை எடுத்தாலும் எவ்வளவு காலியாக வைப்பது என்ற கேள்வி வரும். எஸ்எஸ்டி எழுதும் விதம் தெரிந்தால் பதில் தானாக வரும். அது பேஜ் என்ற சிறு அளவில் எழுதும், ஆனால் அழிப்பது பிளாக் என்ற பெரிய அளவில்தான். ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள். எழுதிய பேஜ் மேலேயே திருப்பி எழுத முடியாது. பிளாக்கில் இன்னும் தேவையானவற்றை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, முழு பிளாக்கையும் அழித்துத்தான் புதிதாக எழுத வேண்டும். சமையல் மேடை நிறையப் பாத்திரம் இருந்தால் ஒரு வெங்காயம் நறுக்கக்கூட நான்கு பாத்திரத்தைத் தூக்கி வைக்க வேண்டியிருக்குமே, அதே நிலை. எஸ்எஸ்டியில் இந்தத் தூக்கி வைப்பு ஒவ்வொன்றும் கூடுதல் எழுத்து, கூடுதல் தேய்மானம்.

அதற்கு மேல், ஒரு செல்லில் மூன்று, நான்கு பிட் எழுதும் இன்றைய டிஎல்சி, க்யூஎல்சி டிரைவ்களில் பலவும் காலி இடத்தின் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுத்துகின்றன. காலி இடம் குறையக் குறைய அந்த வேகப்பகுதியும் சுருங்கும். அக்காவின் எக்செல் சுற்றிக்கொண்டே இருந்ததற்கு இதுவும், பேஜ் ஃபைல் விரிய இடமில்லாததும் சேர்ந்தே காரணம் என்று நினைக்கிறேன். நான் 15 முதல் 20 சதவீதம் காலியாக வைக்கச் சொல்வேன். 256-இல் அது சுமார் 40 ஜிபி. விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்கும் அது தாராளம்.

வெளியே நகர்த்துவது

62 ஜிபி குடும்பப் படங்கள் தினமும் திறக்கப்படுபவை அல்ல. வேகமான எஸ்எஸ்டியில் அவை உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. எங்கே வைப்பது?

பென்டிரைவ் வேண்டாம். தொலைவதும் கெடுவதும் எளிது. வெளிப்புற எஸ்எஸ்டி வேகமானது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் பீரோவில் வைக்க அது ஏற்றதல்ல. சாதாரணப் பயன்பாட்டு எஸ்எஸ்டிக்கு, சிப் துறையின் தரநிலை அமைப்பான ஜெடெக் கேட்பதே, எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதைத்தான். புது டிரைவ் அதைவிட அதிகம் தாங்கும், என்றாலும் குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவை அந்த நம்பிக்கையில் விடமாட்டேன். எடுத்து வைத்துவிட்டு எப்போதாவது பார்ப்பதற்கு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு. ஒரே காசுக்கு இடமும் அதிகம். கீழே போடாமல் இருந்தால் போதும்.

கிளவுட் என்றால் கூகுள் கணக்கில் இலவசம் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5. அதற்கு மேல் மாதச் சந்தா. ஒன்டிரைவில் உள்ள ஃப்ரீ அப் ஸ்பேஸ் வசதி எனக்குப் பிடிக்கும். கோப்பின் பெயர் கணினியில் இருக்கும், உள்ளடக்கம் மேலே இருக்கும், திறக்கும்போது இறங்கும். இணையம் விட்டுவிட்டு வரும் வீட்டில் வேலைக் கோப்புகளுக்கு இதை நம்ப வேண்டாம்.

இந்த வழியில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு இங்கே அழித்தால், உலகத்தில் அந்தப் படத்துக்கு ஒரே நகல்தான். அது பேக்கப் ஆகாது. இரண்டு இடம் வேண்டும். இரண்டாவது ஒரு டிஸ்க்காகவும் இருக்கலாம், கிளவுடாகவும் இருக்கலாம். இதற்கான செலவையும் சேர்த்துத்தான் "நகர்த்துவது மலிவு" என்று முடிவு செய்ய வேண்டும்.

பெரிய எஸ்எஸ்டி

அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். அவனிடம் 512 ஜிபி. போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, கணினிக்குள் போனைப் போல ஓடும் எமுலேட்டர்கள், நூறு ஜிபியைத் தொடும் இரண்டு விளையாட்டுகள். சுத்தம் செய்து 25 ஜிபி எடுத்துக் கொடுத்தேன், மூன்று வாரத்தில் மறுபடி சிவப்பு. அவனுடையவை தினமும் தேவைப்படுபவை, வெளியே வைத்தால் வேலை நடக்காது. அவனுக்கு மாற்றுவதுதான் சரி, 1 டிபி போட்டோம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை: எஸ்எஸ்டி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா (கழற்ற முடியாமல் ஈயத்தால் ஒட்டியதா), அப்படியென்றால் இந்த வழியே இல்லை. இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா, இருந்தால் பழையதைக் கழற்றவே வேண்டாம். எம்.2 என்ற சிறு பட்டை வடிவம் என்றால், அது இணையும் முறை வேகமான என்விஎம்இ-யா பழைய சாட்டாவா, ஒன்று போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாறாது. நீளம் 2280-ஆ, 2242-ஆ, 2230-ஆ (கடைசி இரண்டு இலக்கம் மில்லிமீட்டரில் நீளம்). மூடியைத் திறந்தால் வாரன்டி என்னாகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரிய அளவுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே மாடலில் கூடுதல் கொள்ளளவு என்றால் எழுதும் ஆயுளும் கூடும். சாம்சங் 980-இல் 250 ஜிபி டிரைவுக்கு மொத்தம் 150 டிபி எழுதும் அளவு என்றால், 1 டிபி டிரைவுக்கு 600 டிபி.

அவன் லேப்டாப்பில் ஒரே ஸ்லாட். எனவே புதியதை யுஎஸ்பி உறையில் போட்டு க்ளோன் செய்தோம். அதற்கு முன், டிரைவில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கரை அணைத்து, பூட்டு முழுதும் அவிழும்வரை (டிக்ரிப்ட்) காத்திருந்தோம். 48 இலக்க மீட்புச் சாவியை அதற்கும் முன்பே அவன் நோட்டில் எழுத வைத்தேன். அது இல்லாமல் பூட்டிக்கொண்ட டிரைவை யாராலும் திறக்க முடியாது. க்ளோன் முடிந்ததும் பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, பழையது இணைக்கப்படாத நிலையில் முதல் துவக்கம். ஒரே அடையாளத்தோடு இரண்டு டிரைவ் இருந்தால் குழப்பம் வரும். எழும்பியது. சி டிரைவ் 475 என்றே காட்ட, "மாமா, ஏமாத்திட்டாங்களா?" என்றான். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கறுப்புப் பட்டை, நடுவில் மீட்புப் பார்ட்டிஷன். அதைத் தள்ளி, சி-யை நீட்டினோம். பழைய எஸ்எஸ்டியை ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருந்து, பிறகு அதே உறையில் போட்டு விளையாட்டுகளுக்குக் கொடுத்தேன்.

எதை எடுப்பது

ஜிபியை மாதமாக மாற்றிப் பாருங்கள் என்பதே நான் சொல்லும் வழி. மாதத்துக்கு எவ்வளவு நிரம்புகிறது என்பதை இரண்டு மூன்று மாதம் முதல் தேதியில் குறித்து வைத்தால் தெரிந்துவிடும். அக்காவுக்குச் சுமார் 6 ஜிபி. சுத்தத்தில் 6, ரீஸ்டோர் பாயிண்டில் 14, அவளே உட்கார்ந்து டவுன்லோட்ஸில் அழித்தது 30, படங்களை நகர்த்தியதில் 62. ஏற்கெனவே இருந்த 4-ஐயும் சேர்த்தால் 116 காலி. அதில் 40-ஐத் தொடாமல் விட்டால் 76, ஏறக்குறைய ஒரு வருடம். வருடத்துக்கொரு முறை படத்தை நகர்த்தினால் இன்னும் பல காலம் ஓடும். அவளுக்குப் புது எஸ்எஸ்டி தேவையில்லை, அந்தக் காசில் ஹார்ட் டிஸ்க் வாங்கினோம். பையனுக்கு 25 ஜிபி என்பது மூன்று வாரம்தான். சுத்தமும் நகர்த்தலும் சேர்ந்து ஆறு மாதம்கூடத் தராது என்றால், தயங்காமல் மாற்றிவிடுங்கள். சால்டர் செய்யப்பட்ட எஸ்எஸ்டியாக இருந்து, தினசரி வேலையும் பெரிதாக இருந்தால், நிரந்தரமாகச் செருகி வைக்கும் வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்றுதான் மிஞ்சும் வழி.

படங்களை மாற்ற ஒரு ஞாயிறு மாலை முழுதும் ஆனது. இரண்டு டிஸ்க்கிலும் ஏறிவிட்டதா என்று அக்கா அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்தாள். பிறகுதான் கணினியில் இருந்ததை அழிக்க விட்டாள். ஒன்று அவள் வீட்டுப் பீரோவில், இன்னொன்று அம்மா வீட்டில் இருக்கிறது.